கப்பலில் ஏறிய பையன்கள்: ஆக்லாந்திலிருந்து தபாலியா வரை

நாள் 1: மிஷன் பே

ஆக்லாந்தில் மிஷன் பே என்றால் தெரியாதவர் இல்லை. கொஞ்சம் வெயில் அடித்தால் போதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் தின்னப் பாதி ஊர் அங்கேதான் வந்து நிற்கும். போன முறை மகள் வீட்டுக்கு வந்தபோது நானும் அப்படித்தான் போனேன். எதிரே ரங்கிடோடோ எரிமலைத் தீவு, புல்வெளி, ஒரு நீரூற்று, அப்புறம் ஓரமாகக் கறுப்புக் கல்லில் கட்டிய ஒரு பழைய வீடு. பலகையில் மெலனேசிய மிஷன் ஹவுஸ் என்று இருந்தது. மெலனேசியா எங்கே, ஆக்லாந்து எங்கே என்று அன்றைக்கு மனசில் விழுந்த கேள்வி ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. இந்த முறை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்ப்பது என்று கிளம்பிவிட்டேன். ஆக்லாந்து, நார்ஃபோக் தீவு, சாலமன் தீவுகள் என்று மூன்று இடம். தினமும் ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

இன்று காலை மருமகன் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அந்தக் கறுப்புக் கல் எதிர்த் தீவிலிருந்து கொண்டுவந்த எரிமலைக்கல். 1859-இல் ஆங்கிலிக்கன் சபை இங்கே ஒரு பள்ளிக்கூடம் வைத்தது. அப்போது இந்த இடத்துக்குக் கோஹிமாராமா என்று பெயர். கட்ட வேண்டிய பணத்தில் பெரும்பங்கு ஷார்லட் யங் என்ற ஆங்கில நாவலாசிரியை தன் நாவல் விற்று வந்ததில் கொடுத்தது. பள்ளியை நடத்திய, பின்னாளில் மெலனேசியாவின் முதல் பேராயரான ஜான் கோல்ரிட்ஜ் பேட்டசனுக்கு அவர் உறவுக்காரப் பெண். உள்ளே இப்போது சின்னக் காட்சிக்கூடம், பக்கத்தில் உணவகம்.

படித்தவர்கள் யார்? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே, இன்றைய வனுவாட்டு, சாலமன் தீவுகள், லாயல்டி தீவுகள் இங்கிருந்தெல்லாம் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த பையன்கள். பேராயர் ஒவ்வொரு தீவாகப் போவார், கரைக்கு நீந்திப் போவார் (தொப்பிக்குள் பரிசுப் பொருளை முடிந்துகொண்டு நீந்துவார்களாம்), அங்கே இருப்பவர்களின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார், அடுத்த வருடம் போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பழக்கத்தின் பலத்தில்தான் தாய்தகப்பன் பிள்ளையை அனுப்பினார்கள். கோடையில் கொண்டுவந்து, குளிர்காலம் தொடங்கும் முன்னே திருப்பிக் கொண்டுபோய் விடுவார்கள், ஆக்லாந்துக் குளிரை வெப்பத்தீவுப் பிள்ளைகளின் உடம்பு தாங்காது என்று. அப்படியும் 1863-இல் இங்கே வயிற்றுக்கடுப்பு பரவிப் பல பையன்கள் இறந்துபோனார்கள்.

அந்தத் தரையில் நின்றபோது நான் நினைத்ததெல்லாம் தீவில் கரையோரம் நின்று கப்பலை எதிர்பார்த்த தாய்களைப் பற்றித்தான். அனுப்பிய பிள்ளை வரவில்லை என்ற செய்தியும் அதே கப்பலில்தானே வரும்.

நாள் 2: செல்வின்

எங்கள் ஊர்ப் பக்கம் செல்வின் என்று பெயருள்ளவன் வகுப்புக்கு ஒருவனாவது இருப்பான். இங்கே அந்தப் பெயருக்கு உரியவரின் தடங்களைத் தேடி இன்று முழுக்கச் சுற்றினேன். ஜார்ஜ் அகஸ்டஸ் செல்வின், நியூசிலாந்தின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். 1841-இல் அபிஷேகம், 1842 மே மாதம் ஆக்லாந்தில் இறங்கும்போது வயது 33. கப்பலிலேயே ஒரு மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) இளைஞனிடம் மொழி கற்றுக்கொண்டு, வந்து இறங்கிய முதல் ஞாயிறே மாவோரியில் பிரசங்கம் பண்ணினவர். இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் தனி மரியாதையே வந்தது.

அவருடைய பேராயத்துக்கு எல்லை குறித்த அரசாங்கப் பத்திரத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. வடக்கு எல்லை தெற்கு அட்சரேகை 34 பாகை என்று இருக்க வேண்டியது, வடக்கு 34 பாகை என்று எழுதப்பட்டுவிட்டது. பூமத்திய ரேகையைத் தாண்டி ஜப்பான் உயரம் வரைக்கும் கடல் எல்லாம் அவர் பொறுப்பு என்று ஆகிறது. செல்வின் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை, தனக்கு இடப்பட்ட கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். 1849-இல் அண்டைன் என்ற 21 டன் பாய்க்கப்பலை எடுத்துக்கொண்டு மெலனேசியாவுக்குப் போய் ஐந்து பையன்களோடு திரும்பினார். ஒரு எழுத்தரின் கைப்பிழை எத்தனை தீவுகளின் பிள்ளைகளை எங்கெங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது பாருங்கள்.

அந்த முதல் பையன்கள் தங்கிப் படித்த இடம் மெடோபேங்க்கில் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. 1847-இல் கட்டிய மரச் சிற்றாலயம் அப்படியே நிற்கிறது. தாழ்ந்த வாசல், செங்குத்தான கூரை, உள்ளே போனால் பழைய மரத்தின் வாசனை. சுற்றிலும் கல்லறைகள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, பிறகு ஜட்ஜஸ் பே பக்கம் செயின்ட் ஸ்டீபன்ஸ் சிற்றாலயத்துக்குப் போனேன். மேட்டின் மேல் வெள்ளைப் பொம்மை மாதிரி இருக்கிறது. நியூசிலாந்து சபையின் அரசியலமைப்பில் 1857 ஜூன் 13-இல் கையெழுத்துப் போட்டது இந்த மூலையில்தான்.

சரி, செல்வினைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசு ஒப்பவில்லை. அவரோடு நடந்து நாடெல்லாம் சுற்றிய ரோட்டா வைட்டோவா என்ற மாவோரி, 1853-இல்தான் குருப்பட்டத்துக்கு முந்தைய படியான டீக்கன் ஆனார். மாவோரிகளில் அவர்தான் முதல்வர். கிரேக்கமும் லத்தீனும் தெரியாமல் குருப்பட்டம் தரமுடியாது என்று செல்வின் பிடிவாதமாக இருந்தார். தன் மக்களிடம் அவர்கள் மொழியில் பேசப்போகிற ஒருவருக்கு லத்தீன் எதற்கு? மாவோரிகளிலிருந்து ஒரு பேராயர் வர 1928 வரை ஆனது. அதைவிடப் பெரிய காயம் வைகாட்டோ போர். மாவோரிகளின் நிலத்தை அரசாங்கம் பறித்ததை எதிர்த்து வெள்ளைக் குடியேறிகளிடம் ஏச்சு வாங்கிய அதே செல்வின், 1863-இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் படையோடு அதன் குருவாகக் குதிரையில் போனார். காயம்பட்டவர்களுக்கும் சாகிறவர்களுக்கும் ஊழியம் செய்யத்தான் போனேன் என்பது அவர் பக்க நியாயம். ஆனால் மாவோரி கண்ணில் பட்டது சிப்பாய்களோடு வந்த பேராயர். அந்த நம்பிக்கை அவர் இருந்தவரை திரும்பவில்லை, 1868-இல் இங்கிலாந்துக்கே போய் லிச்ஃபீல்ட் பேராயர் ஆகிவிட்டார்.

இரவு மகளிடம் இதைச் சொன்னபோது, "அம்மா, நல்ல மனுஷன் தப்பான குதிரையில ஏறிட்டாரு" என்றாள். எனக்கு அது அவ்வளவு லேசாகத் தோன்றவில்லை.

நாள் 3: பயணம்

சிட்னி வழியாக நார்ஃபோக். காற்றினால் விமானம் தாமதமாகி, வந்து சேர இருட்டிவிட்டது. தங்கும் வீட்டுக்காரம்மா வண்டியில் அழைத்துப்போகும்போது நடுரோட்டில் மாடு நின்றது, வண்டிதான் நின்று வழிவிட்டது. இங்கே மாட்டுக்குத்தான் முதல் உரிமையாம். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்காரரும் கை தூக்கி வணக்கம் சொல்கிறார். களைப்பு. நாளை எழுதுகிறேன்.

நாள் 4: செயின்ட் பர்னபாஸ் சிற்றாலயம்

ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் தீவு, சுற்றிலும் கடல், எங்கே பார்த்தாலும் நெட்டையாக நார்ஃபோக் பைன் மரங்கள். மிஷன் பள்ளி ஆக்லாந்துக் குளிருக்குப் பயந்து 1867-இல் இங்கே வந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் நிலம், தோட்டம், மாடுகள், பள்ளிக்கூடம், அச்சுக்கூடம். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த இடம்தான் மெலனேசிய மிஷனின் தலைமையிடம். 1920 வாக்கில் எல்லாவற்றையும் சாலமன் தீவுகளுக்கே மாற்றிவிட்டார்கள். மிச்சம் நிற்பதில் முக்கியமானது இந்த ஆலயம்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் இங்கிலாந்துக் கிராமத்துக் கோவில். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். இருக்கைகள் பீடத்தைப் பார்த்து வரிசையாக இல்லை, நடுவழியின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்து இருக்கின்றன, கல்லூரிச் சிற்றாலயங்களின் பாணி. கண்ணாடி ஓவியங்கள் எட்வர்ட் பேர்ன்-ஜோன்ஸ் வரைந்து வில்லியம் மாரிஸ் நிறுவனம் செய்தவை. தரை பளிங்கு. கட்டட வரைபடம் தாமஸ் கிரஹாம் ஜாக்சன் போட்டது. 1880 டிசம்பர் 7-இல் பிரதிஷ்டை. இதெல்லாம் வழிகாட்டிப் புத்தகம் சொல்கிற விஷயம்.

என் கண் போனது இருக்கைகளின் ஓரப்பலகைக்கு. கறுத்த மரத்தில் முத்துச்சிப்பியை வெட்டிப் பதித்த வேலை. கிட்டே குனிந்து பார்த்தால் ஒவ்வொரு துண்டும் கையால் அறுத்தது தெரிகிறது. இதைச் செய்தவர்கள் மெலனேசியப் பிள்ளைகள். படகின் முன்னணியத்திலும் கிண்ணத்திலும் சிப்பி பதிப்பது சாலமன் தீவுகளின் சொந்தக் கைவேலை, அதைக் கொண்டுவந்து பேராயரின் கோவில் பெஞ்சில் வைத்திருக்கிறார்கள். லண்டனிலிருந்து வந்த கண்ணாடியும் தீவிலிருந்து வந்த சிப்பியும் ஒரே வெளிச்சத்தில் மினுங்குகின்றன. விரல் வைத்துத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன்.

இங்கே இன்னொரு விஷயம், தமிழ் வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது. இந்தப் பள்ளியில் பாடமொழி ஆங்கிலம் இல்லை. எத்தனையோ தீவிலிருந்து எத்தனையோ மொழி பேசும் பிள்ளைகள். பேட்டசனே இருபதுக்கு மேற்பட்ட மெலனேசிய மொழிகள் பேசினவர் என்பார்கள். பொதுமொழியாக அவர்கள் எடுத்துக்கொண்டது மோட்டா. வனுவாட்டுவின் வடக்கே பேங்க்ஸ் தீவுகளில் ஒரு சின்னஞ்சிறு தீவின் மொழி. இங்கிலாந்திலிருந்து வந்த குருமார்களும் அதைத்தான் கற்றுக்கொண்டு பாடம் எடுக்க வேண்டும், அதிலேதான் ஜெபம், பாட்டு, வேதாகமம், எல்லாம். மோட்டாவுக்குப் பதில் ஆங்கிலம் என்று மாற்றியது 1931-இல்தான். பிள்ளைகளை ஆங்கிலேயர்களாக ஆக்கக்கூடாது என்பதில் பேட்டசன் உறுதியாக இருந்தார். இந்தப் பள்ளியில் வெள்ளைக்காரர் எஜமான், தீவுக்காரர் வேலைக்காரர் என்ற பாகுபாடு கூடாது, சமையலும் தோட்டவேலையும் எல்லோருக்கும் பங்கு என்று வைத்திருந்தார். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

தலைமையாசிரியராக 1887 வரை இருந்த ராபர்ட் காட்ரிங்டன் பிள்ளைகளிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவர்கள் மொழிகளையும் வழக்கங்களையும் எழுதி வைத்தார். இன்றைக்குப் பிள்ளைகள் வீடியோ கேமில் மானா (மந்திர சக்தி) தீர்ந்துபோச்சு என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் உலகத்துக்குப் பரவியதில் இவர் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த மாணவர்கள்.

நாள் 5: கல்லறையும் தொலைபேசிப் புத்தகமும்

இங்கே தொலைபேசிப் புத்தகத்தில் பட்டப்பெயரையும் அச்சடிக்கிறார்கள். காரணம், ஒரே குடும்பப்பெயர் தீவில் பாதிப்பேருக்கு: கிறிஸ்டியன், யங், நாப்ஸ், பஃபெட், இப்படி. பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்தவர்களும் தஹிதிப் பெண்களும் பிட்கெய்ர்ன் தீவில் போய் ஒளிந்தார்கள் இல்லையா, அவர்கள் வம்சம் பெருகி 1856-இல் இங்கே குடியேறியது. அந்த வீடுகளிலிருந்து இரண்டு பையன்கள் பேட்டசனோடு போனார்கள். குரு நாப்ஸின் மகன் எட்வின் நாப்ஸ், அப்புறம் ஃபிஷர் யங். 1864-இல் சாண்டா குரூஸ் தீவில் கிராசியோசா விரிகுடாவில் படகைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது அம்பு பாய்ந்தது. காயம் சின்னதுதான், ஆனால் இரண்டு பேருக்கும் வில்வாத ஜன்னி (டெட்டனஸ்) கண்டு, நாள்கணக்கில் துடித்து, பேட்டசன் கையிலேயே போய்விட்டார்கள். அவர் அதிலிருந்து மனசு தேறவே இல்லை என்பது அவர் எழுதிய கடிதங்களைப் படித்தாலே தெரியும்.

வீட்டுக்காரம்மா மதியத்துக்குப் பில்ஹி செய்து கொடுத்தார், வாழைக்காயைத் துருவி அடுப்பில் சுடுகிற பண்டம். அந்த இரண்டு பையன்களைப் பற்றிக் கேட்டதும் தன் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார். 160 வருடம் ஆகியும் இந்தத் தீவில் அவர்கள் பையன்களாகவே இருக்கிறார்கள்.

ஜார்ஜ் சராவியாவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேங்க்ஸ் தீவுக்காரர். கப்பல் முதலில் வந்தபோது பயந்துகொண்டே ஏறியதை மோட்டா மொழியிலேயே நினைவுக்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் எழுதிய மலைமலையான கடிதங்களுக்கு நடுவே, கப்பலில் ஏறின பையன் பக்கமிருந்து வந்த எழுத்து அது. 1868-இல் இந்தத் தீவில்தான் பேட்டசன் அவரை டீக்கனாக அபிஷேகம் செய்தார், 1873-இல் குருப்பட்டம், மெலனேசியரில் முதல் குரு. மோட்டாவுக்குப் போய் அங்கே நடத்திய பள்ளிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? கோஹிமாராமா. மிஷன் பேயின் பழைய பெயர். குளிரில் நடுங்கிய அந்தக் கல்வீட்டை அவர் அன்போடுதான் நினைத்திருக்கிறார். முதல்நாள் நான் அந்தத் தரையில் நின்று நினைத்தது முழு உண்மை இல்லை என்று இதைப் படித்ததும் புரிந்தது.

நாள் 6: மழை, நூகாபு

நாள் முழுக்க மழை. எங்கேயும் போகவில்லை. கொண்டுவந்த புத்தகங்களை விரித்துவைத்துக்கொண்டு நூகாபுவைப் பற்றி எழுதுகிறேன். நான் போகமுடியாத இடம் அது. சாலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில் ரீஃப் தீவுக்கூட்டத்தில் ஒரு துளி. ஹோனியாராவிலிருந்து கப்பல் கிடைத்துப் போய்த் திரும்புகிற நாள் கணக்கு என் விடுமுறைக்குள் அடங்கவில்லை.

1871 செப்டம்பர் 20. மிஷன் கப்பல் சதர்ன் கிராஸ் தீவுக்கு வெளியே நிற்கிறது. கடல் வற்றியிருக்கிறது, பவளத்திட்டைத் தாண்டிப் படகு போகாது. தீவுக்காரர்கள் தங்கள் தோணியில் வரச்சொல்கிறார்கள், பேட்டசன் தனியாக ஏறிப்போகிறார். படகில் காத்திருந்தவர்கள் மேல் திடீரென்று அம்புகள் பாய்கின்றன. ஆக்லாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆட்கின் என்ற இளம் குரு, சான் கிறிஸ்டோபல் தீவைச் சேர்ந்த ஸ்டீபன் தாரோவனியாரா, இன்னொரு பையன், மூவருக்கும் அம்பு. கப்பலுக்குத் திரும்பி அம்பைப் பிடுங்கியதும் ஆட்கின் மறுபடியும் படகில் இறங்கினார், திட்டுக்குள் வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தண்ணீர் ஏறினதும் உள்ளே போனார்கள். ஆளில்லாத ஒரு தோணி மிதந்து வந்தது. அதில் பாயில் சுற்றிய பேட்டசன் உடல். மேலே ஐந்து முடிச்சுப் போட்ட தென்னங்கீற்று. உடம்பில் ஐந்து காயம்.

பேராயரைக் கடலில் அடக்கம் செய்தார்கள். ஆட்கின் 27-ஆம் தேதி, ஸ்டீபன் 28-ஆம் தேதி, அதே வில்வாத ஜன்னியில் இறந்தார்கள்.

ஏன் நடந்தது? அந்த வருடங்களில் இதே கடலில் இன்னொரு வகைக் கப்பல்களும் சுற்றின. குயின்ஸ்லாந்து, பிஜித் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கிற கப்பல்கள். மணியும் துணியும் காட்டித் தோணிகளைக் கிட்டே வரவழைத்து, மேலிருந்து இரும்பைப் போட்டுத் தோணியை உடைத்து, நீந்துகிறவர்களை வாரிக் கப்பல் அடித்தளத்தில் அடைப்பார்கள். கார்ல் என்ற கப்பலில் அதே 1871-இல் அடைபட்டவர்கள் எதிர்த்தபோது அடித்தளத்துக்குள்ளேயே துப்பாக்கியால் சுட்டுச் சுமார் 70 பேரைக் கொன்று கடலில் தள்ளினார்கள். இதில் எனக்குத் தாங்கமுடியாத பகுதி என்னவென்றால், பேராயர் கப்பலில் இருக்கிறார் வாருங்கள் என்று சொல்லியும், கறுப்பு அங்கி போட்டு மிஷனெரி வேஷத்திலும் ஆட்களைப் பிடித்ததுதான். பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சேர்த்த நம்பிக்கையை அப்படியே தூண்டில் புழுவாக்கிவிட்டார்கள். பேட்டசன் இறந்த அதே வருடத் தொடக்கத்தில் நியூசிலாந்து சபைச் சங்கத்துக்கு இந்த ஆள்பிடிப்பை எதிர்த்து ஒரு நீண்ட குறிப்பு எழுதியிருந்தார்.

நூகாபுவிலிருந்து ஐந்து பேரைப் பிடித்துப்போனதற்குப் பழி, அதுதான் ஐந்து முடிச்சு என்று மிஷன் புரிந்துகொண்டது. இங்கிலாந்தே கலங்கிப்போனது, 1872-இல் ஆள்கடத்தலைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஆனால் பின்வந்த ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை அப்படியே ஏற்கவில்லை. பள்ளிக்கு என்று பையன்களைக் கூட்டிப்போனதே தீவில், முக்கியமாகப் பெண்களிடம், எதிர்ப்பை உண்டாக்கியிருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியவில்லை. கரையில் நிற்கிற ஒரு தாய்க்கு ஒரு கப்பல் பிள்ளையைப் படிக்கக் கொண்டுபோகிறது, இன்னொன்று கரும்பு வெட்டக் கொண்டுபோகிறது. இரண்டும் பாய்மரம், இரண்டிலும் வெள்ளை முகம், இரண்டும் பரிசு தருகிறது. ஒன்றிலிருந்து பிள்ளை திரும்பி வரும், ஆனால் சில சமயம் வராது. அவள் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பாள்?

பழிக்குப் பழி வேண்டாம் என்று மிஷன்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். நவம்பரில் விசாரிக்க வந்த ரோசாரியோ என்ற போர்க்கப்பல் கடைசியில் நூகாபு மேல் குண்டு வீசிவிட்டுத்தான் போனது. 1884-இல் மெலனேசியாவின் இரண்டாம் பேராயர் ஜான் செல்வின், ஜார்ஜ் செல்வினின் மகன், அந்தக் கரையில் ஒரு சிலுவை நட்டார். யாருக்காக மனமுவந்து உயிரைக் கொடுத்திருப்பாரோ அவர்கள் கையாலேயே இங்கே அவர் உயிர் போனது என்று அதில் பொறித்திருக்கிறது. நல்ல வாசகம்தான். ஸ்டீபன் தாரோவனியாராவைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். அவரும் அம்பு பட்டுத்தான் செத்தார், வெளியே அவர் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

நாள் 7: பிரிஸ்பேன்

ஹோனியாரா விமானத்துக்காக ஒரு ராத்திரி. குயின்ஸ்லாந்துக்கு 1863 முதல் 1904 வரை தீவுகளிலிருந்து கொண்டுவந்தவர்கள் ஏறத்தாழ 62,000 பேர், பெரும்பாலும் இளைஞர்கள், பலர் பொய்யிலும் பலவந்தத்திலும், சிலர் தெரிந்தே கையெழுத்திட்டு. பிறகு வெள்ளை ஆஸ்திரேலியா சட்டம் வந்ததும் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள்.

பிஜியில் தீவுக்காரர்கள் போதாமல் 1879 முதல் இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள், 1903-க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும். பிஜிக் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடியிருக்கிறாரே, அந்தத் தோட்டங்களில் நமக்கு முன்னே வியர்வை சிந்தியவர்கள் மெலனேசியர்கள். இதைச் சின்ன வயதில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நாள் 8: ஹோனியாரா

இறங்கியதும் நம் ஊர் மாதிரி வெக்கை. அப்பாடா என்று இருந்தது. மத்தியச் சந்தையில் வெற்றிலை பாக்குக் கண்டதும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது, இங்கே வெற்றிலைக்குப் பதில் அந்தக் கொடியின் நீளமான காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிக்கிறார்கள். தாங்கியூ தூமாஸ் (ரொம்ப நன்றி) என்று இங்கத்திய பொதுமொழியான பிஜினில் சொன்னால் முகமெல்லாம் சிரிப்பு.

செயின்ட் பர்னபாஸ் பேராலயத்தில் மாலை ஜெபம். பாட்டு நாலு குரலில், வாத்தியம் இல்லாமல், கூரையைத் தூக்கிவிடும் போல. மூத்த செல்வின் தன் திட்டத்தைச் சொல்லும்போது, மெலனேசியக் குருமார்தான் வலை, வெள்ளைக் குருமார் அதைத் தாங்குகிற தக்கைகள் என்பாராம். வலை நன்றாகவே விரிந்தது. ஆனால் பேராயர் பட்டம் மட்டும் தக்கைகளிடமே ரொம்பக் காலம் இருந்தது. பேட்டசனுக்கு அபிஷேகம் 1861-இல். மெலனேசியரில் முதல் பேராயர்களான டட்லி டூட்டியும் லெனார்ட் அலுஃபுராயும் அபிஷேகம் ஆனது 1963-இல். 102 வருடம்! இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் என் மனசு ஆறாது. 1975-இல்தான் சபை தனி மாகாணமானது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, எங்கே போகிறேன் என்று கேட்டார். தபாலியா என்றதும் (மெலனேசியச் சகோதரர் சபைத் துறவிகள் இருக்கும் இடம், அவர்களைத்தான் தாசியு என்பார்கள்) என் கையைப் பிடித்துக்கொண்டார். "தாசியுகளைப் பார்க்கப் போகிறீர்களா, எனக்காகவும் ஜெபிக்கச் சொல்லுங்கள்" என்றார்.

நாள் 9: தபாலியா

தாசியு என்றால் மோட்டாவில் சகோதரன். 1931-இல் பள்ளியை விட்டுப் போன மொழி இந்த ஒரு சொல்லில் நாடு முழுக்க உயிரோடு இருக்கிறது.

ஹோனியாராவிலிருந்து மேற்கே கடற்கரையோரமாகவே போகிற சாலை. தென்னந்தோப்பு, ஓடைகள், குழிகள். வாடகை வண்டிக்காரர் வழி நெடுக மெலனேசியச் சகோதரர் சபையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அதை ஆரம்பித்தவர் இனி கொபூரியா, இதே குவாடல்கனால் தீவுக்காரர், போலீஸ்காரராக இருந்தவர். காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் வாழ்க்கையை யோசித்தார். மிஷனெரிகள் ஆங்கிலத் துறவிகளைக் கொண்டுவரவில்லை, இவர்தான் பேராயர் ஸ்டூவர்டிடம் போய், தன் நிலத்தைக் கொடுத்து, 1925 அக்டோபர் 28-இல் பொருத்தனை எடுத்தார். சம்பளம் இல்லை, கல்யாணம் இல்லை, கீழ்ப்படிதல் உண்டு. ஆனால் பின்னால் வந்து சேர்ந்த சகோதரர்களுக்கு இது ஆயுளுக்கும் இல்லை, சில வருடங்களுக்கு. முடிந்ததும் ஊருக்குத் திரும்பிக் குடும்பம் நடத்தலாம். பிள்ளைகள் போய்த் திரும்பி வருகிற அந்த மெலனேசிய வாழ்க்கைக்குள்ளேயே துறவறத்துக்கு இடம் கண்டுபிடித்திருக்கிறார். ஆயுதமும் பணமும் இல்லாமல் இரண்டிரண்டு பேராக, மிஷன் கப்பல் போகாத மலைக்கிராமங்களுக்கு நடந்தே போனார்கள். இந்தப் பயணத்தில் நான் படித்த எல்லாப் பேராயர்களையும் விட எனக்கு நெருக்கமாகிப்போனவர் இவர்.

தபாலியாவில் கறுப்பு உடை போட்ட இளைஞர்கள், பெரும்பாலும் இருபது வயதுக்குள் இருப்பார்கள், மரவள்ளித் தோட்டத்தில் வேலையாக இருந்தார்கள். ஒரு சகோதரர் வந்து இளநீர் வெட்டிக் கொடுத்து, சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் கல்லறைகளுக்குக் கூட்டிப்போனார்.

1998-இலிருந்து ஐந்து வருடம் இந்த நாட்டில் இனக்கலவரம். இரண்டு பக்கத்து ஆட்களும் நம்பியது தாசியுகளை மட்டும்தான். துப்பாக்கிகளை வாங்கி, படகில் கொண்டுபோய் ஆழ்கடலில் போட்டார்கள். 2003 தொடக்கத்தில் நதானியேல் சாடோ என்ற சகோதரர் ஹாரல்ட் கேக்கே என்ற கிளர்ச்சித் தலைவனிடம் சமாதானம் பேசப் போய்த் திரும்பவில்லை. ஏப்ரலில் ஆறு பேர் அவரைத் தேடிப் போனார்கள். ஆறு பேரும் திரும்பவில்லை. ஏழு பேரும் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று ஆகஸ்டில்தான் உறுதியாகத் தெரிந்தது.

சகோதரர் ஒவ்வொரு கல்லறையாக நின்று பெயரை வாசித்தார், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். நதானியேல் சாடோ. ராபின் லிண்ட்சே. பிரான்சிஸ் டோஃபி. ஆல்ஃபிரட் ஹில். டோனி சிரிஹி. இனி பரதபட்டு. கடைசியாக அவர் வாசித்த பெயர் பேட்டசன் கட்டு.

எழுத்தைச் சரிபார்க்கச் சொல்லி நோட்டை அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், தமிழ் எழுத்து. எதில் பேட்டசன் என்று கேட்டார், விரல் வைத்துக் காட்டினேன். அந்த எழுத்துகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் மதிய ஜெபத்துக்கு மணி அடித்தது, இரண்டு பேரும் உள்ளே போனோம். ஹோனியாரா பெண்மணி கேட்டதை அவரிடம் சொன்னேன். அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன்.